ஊசியில் படாதவை

வெஸ்ப்ரேமில் ஜனவரி.
ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில்
கூரையை முட்டி நிற்கும் கண்ணாடிக் குழாய்.
அடியிலிருந்து காற்று.
நீரில் ஒரு கைப்பிடி உப்பு,
மின்சாரம் நடந்துபோக.

உள்ளே ஓர் ஊசி. ஊசி என்றால் இரண்டு:
ஒன்றின் நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே
மற்றதன் நுனி.
உடம்பெல்லாம் அரக்குப் பூச்சு, நுனி மட்டும் அம்மணம்.
நுனியில் நீர் இருக்கும்வரை திரையில் ஐந்து வோல்ட்.
குமிழி வந்து விழுங்கினால்
கோடு பூஜ்யத்தில் விழும்.
காற்று எதையும் சொல்வதில்லை.
அது சொல்லாமலிருந்த நேரத்தைத்தான்
ஹொய்னல்கா அளக்கிறாள்.

கீழ் நுனியிலிருந்து மேல் நுனிக்கு எட்டு மில்லிநொடி.
அப்படியானால் வேகம், நொடிக்குக் கால் மீட்டர்.
நுனி உள்ளே கிடந்தது பதினாறு மில்லிநொடி.
அப்படியானால் நான்கு மில்லிமீட்டர்.
"நீளம்தான், விட்டமில்லை," என்றான் பர்னபாஷ்,
விரலில் ஒட்டிய அரக்கைச் சுரண்டிக்கொண்டே.
"நடுவில் குத்தியதா, ஓரத்தில் உரசியதா,
ஊசிக்குத் தெரியாது."
அப்போது மதியம் மூன்று மணி.
அதன்பிறகு அவன் பேசவில்லை.

நீர்க்குமிழி என்றாலே
நிலையாமை என்று எழுதிவைத்த மொழி என்னுடையது.
இங்கே யாருக்கும் அந்த அவசரமில்லை.
ஆயுளைச் சொல்லுமுன்
அகலத்தைக் கேட்கிறார்கள்.

சின்னக் குமிழிகள் கெட்டிக்காரத்தனமானவை.
ஊசி கிட்ட வரும்போதே
நழுவும் நீரோடு நழுவிவிடும்.
பெரியவைதான் நெஞ்சைக் கொடுக்கும்.
அதனால் சராசரி எப்போதும்
கொஞ்சம் ஊதிப்போய்த்தான் வரும்.
திருத்த ஒரு எண் இருக்கிறது;
அந்த எண்ணைப் பற்றி
மூன்றாம் மாடியில் ஆறு வருடச் சண்டையும் இருக்கிறது.

இரவு பதினொன்றரை.
மேல் நுனியின் கோடு பூஜ்யத்தில் படுத்தது.
எழவில்லை.
ஒரு நொடி. பத்து. ஒரு நிமிடம்.
கால் மீட்டர் வேகத்தில் ஒரு நிமிடமென்றால்
பதினைந்து மீட்டர் நீளக் குமிழி,
இந்தக் கட்டிடத்தைவிட உயரம்!
தனக்குத்தானே சிரித்தாள்.
பர்னபாஷ் எட்டிப் பார்த்தான்: "கம்பி போச்சு."

குமிழிக்கும் அறுந்த கம்பிக்கும்
திரையில் ஒரே கோடுதான்.
குமிழி மட்டும் ஐந்து வோல்ட்டைத்
திருப்பித் தந்துவிடும்.

பற்றவைக்க உட்கார்ந்தார்கள்.
அவன் நுண்ணோக்கியில், அவள் விளக்கைப் பிடித்தபடி.
ஈயப் புகை.
கண்ணை எடுக்காமலே சொன்னான்:
"மார்ச்சில் லின்ஸ் போறேன். வேலை கிடைச்சிருக்கு."
"எப்பத் தெரியும்?"
"நவம்பர் எட்டு."
பழக்கம், உடனே கழித்துப் பார்த்தாள்.
அறுபத்தெட்டு நாள்.
விளக்கு கொஞ்சம் ஆடியது.
"அசைக்காதே," என்றான்.
அசைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலட்டோன் ஏரி
கரையிலிருந்து வெகுதூரம் உறைந்திருந்தது.
தூரத்தில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
அவள் மண்டியிட்டுப் பனிக்கட்டிக்குள் பார்த்தாள்:
சேற்றிலிருந்து கிளம்பிய வாயு
மேலே வந்துகொண்டிருந்தபோதே பிடிபட்டு,
தட்டையாய், வெள்ளையாய்,
ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது,
யாரோ அடுக்கிவிட்டு மறந்த நாணயங்கள் மாதிரி.

கையுறையைக் கழற்றினாள்.
கோட்டுப் பையில் எஃகு அளவுகோல் இருந்தது,
அது எப்போதும் இருக்கும்.
மேலே இருந்ததன்மீது நேராக வைத்தாள்.
முப்பத்தொன்று மில்லிமீட்டர்.
விட்டம்.

குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள்.
மை உறைந்திருந்தது.