புகைக்குழாய்க்குக் கீழே ஒரு குடம்

சோதனை ஓட்டம், பதினேழாம் நாள்.
பயணிகள் இல்லை. இருக்கைக்கு ஒன்றாக
மணல்மூட்டை, ஆளுக்கு அறுபத்தைந்து கிலோ.
மூட்டைகளுக்கும் டிக்கெட் கிழிக்கச் சொல்லிச்
சிரிக்கிறார் ஓட்டுநர் இபுறாம்ஷா.

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று
கேலி பேசி அனுப்பினார்கள் என்னை.
நீரைக் கழிவாக விடும் வண்டியோடு
வந்து சேர்ந்தேன்.

எஞ்சின் என்று ஒன்று கிடையாது.
கூரைமேல் சிலிண்டர்களில் ஹைட்ரஜன்.
பின்னால் ஒரு பெட்டிக்குள் முந்நூறு தகடுகள்,
தகட்டுக்குத் தகடு நடுவில்
வெங்காயத்தோல் கனத்தில் சவ்வு.
இந்தப் பக்கம் வாயு, அந்தப் பக்கம் கடற்காற்று.
சவ்வுக்குள் நுழைய முடியாத எலெக்ட்ரான்கள்
சுற்றுவழியில் போகின்றன.
அந்தச் சுற்றுவழியில்தான் நாங்கள்
சாயல்குடி போகிறோம்.

ஏர்வாடி தாண்டியதும் மின்னழுத்தம் இறங்கும்,
தினமும் அதே மைல்கல்லில்.
உப்பளத்துக் காற்று.
வடிகட்டியைக் கழற்றித் தட்டினால்
உள்ளங்கையில் வெள்ளையாக விழும்.
நக்கிப் பார்த்தேன்.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

வாலிநோக்கம் விலக்கில் நிறுத்தினோம்.
சீமைக்கருவேல நிழலில் குடவரிசை.
ஒன்பது நாளாக லாரி வரவில்லை.
நம்புத்தாய் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப்
பச்சைக்குடத்தைத் தூக்கி வந்து
வண்டியின் பின்குழாய்க்கு அடியில் வைத்தாள்.
யாரையும் கேட்கவில்லை.
டொக்.
வெகுநேரம் கழித்து
இன்னொரு டொக்.

"குடிக்கக் கூடாதும்மா."

"நாங்க எதத்தான் குடிக்கல?
இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

வாயுவும் காற்றும் சேர்ந்து, என்றேன்.

"வாயு?"

தண்ணீரைப் பிரித்து.

"எந்தத் தண்ணிய?"

கிலோ வாயுவுக்கு ஒன்பது லிட்டர்,
அந்தக் கணக்கு தூக்கத்திலும் வரும் எனக்கு.
எந்தக் குழாயில் எடுத்த ஒன்பது லிட்டர்
என்று எவரும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

இபுறாம்ஷா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.
வழியில் அணைக்கக் கூடாது என்பது விதி.
அணைத்தார்.
பெட்டி தன் மிச்ச ஈரத்தையெல்லாம்
ஒரே மூச்சில் ஊதித் தள்ளியது.
குடத்துக்குள் ஒரு கைமழை.

மறுபடி உயிர்பிடிக்க ஆறு நிமிடம்.
அதற்குள் அவள் குடத்தைக் குலுக்கிப் பார்த்தாள்,
ரெண்டு செம்பு தேறும்.
முகர்ந்தாள். ஒரு வாசமும் இல்லை என்பதுதான்
அவளுக்குப் பிடிக்கவில்லை போல.
முந்தானையால் வாயை மூடித் தூக்கிப் போய்க்
கல்லை எடுத்துப் போட்டுவிட்டு
அதே இடத்தில் வைத்தாள்.
அவளுக்கு முன்னால் இருபத்திரண்டு குடம்.

குறிப்பேடு:
திட்டமிடாத நிறுத்தம், ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன்.
சாயல்குடி வரும்வரை
எடுக்கவில்லை.