ஆறாம் இலக்க நிலையம்

திரையில் அது மட்டும் சிவப்பு.
மற்றவை பச்சை, இரண்டு மஞ்சள்.
வணிக நுண்ணறிவு என்று
கொழும்பில் மூன்று நாள் படிப்பித்துத் தந்த மென்பொருள்
கிளிநொச்சி அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே சொன்னது:
புதன்கிழமைகளில் ஆறாம் இலக்கத்துப் பால்
நூற்றுப்பத்து லீற்றரிலிருந்து நாற்பத்தொன்றுக்கு விழுகிறது.
பவுசருக்கு டீசல்காசும் கட்டாது.
மூடலாம்.

முகாமையாளர் ஜெகசோதி பேனையைத் திறந்துவிட்டார்.
ஒரு கிழமை தாங்கோ, என்றேன்.
மாடு கலண்டர் பார்த்துச் சுரக்கிறதில்லை.

மழைக்கணக்கை இழுத்துப் போட்டேன். இல்லை.
வைக்கோல் விலை, கோமாரி, அரிவுவெட்டுக் காலம்
ஒவ்வொன்றாய் அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் புதனில் வந்து குந்தவில்லை.

புதன் காலை ஐந்தரைக்கு
கண்டாவளை ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
பால்மானியில் பனி.
வரிசையில் எட்டுப் பேர். பதிவிலோ இருபத்தேழு.
மீதிக் கான்கள் சைக்கிள் கைப்பிடிகளில் ஆடி ஆடி
சந்தித் தேத்தண்ணிக்கடைக்குப் போயின.
அங்கே லீற்றருக்கு முப்பது ரூபா குறைவு.
ஆனால் உடன்காசு.

பத்து மணிக்கு
நீலச் சேட்டுப் பொடியன் ஒருவன் பையோடு வந்தான்.
முன்பள்ளிக் கொட்டிலில் பெண்கள் குழுக்குழுவாய் இருந்தார்கள்.
நுண்கடன். கிழமைக்கு இரண்டாயிரத்து நானூறு.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும்
எழும்பி வீட்டுக்குப் போக ஏலாது.

இரஞ்சிதமலர் வெறுங்கானைப் பின்னுக்கு மறைத்தார்.
"நீங்கள் மாதத்துக்கு ரெண்டு தரம்தான் தாறியள் தங்கச்சி.
இவன் புதன் தவறாமல் வாறான்."

திரை பொய் சொல்லவில்லை.
எங்கே நட்டம் என்று கேட்டோம், காட்டியது.
யாருக்கு என்று கேட்கவில்லை.

செவ்வாய் பின்னேரம் பால்காசு கொடுப்பம், என்றேன்.
அதற்கொரு ஆள், ஒரு வாகனம், வங்கியில் ஒரு கையெழுத்து
என்று ஜெகசோதி விரல் மடித்தார்.
பிறகு பேனையை மூடினார்:
"ஆறு கிழமை. அதுக்குமேலே கேளாதை."

இன்று மூன்றாவது புதன்.
எண்பத்தாறு லீற்றர். மஞ்சள்.
இரஞ்சிதமலரின் பெயருக்கு நேரே இன்னும் சுழியம்.
கடைக்காரரிடம் முற்பணம் வாங்கியிருக்கிறாராம்,
பாலால் கழிக்கவேண்டுமாம்.

அட்டவணையில் அதற்கு இடமில்லை.
புதிதாய் ஒரு நிரல் சேர்த்தேன்.
தலைப்பு என்ன போடுவதென்று தெரியவில்லை,
அப்படியே விட்டிருக்கிறேன்.