கட்டி

மூன்று மணிக்கே மழை பிடித்துவிட்டது.
இன்று பால்வெட்டு இல்லை.
தலைவிளக்கு ஆணியிலேயே தொங்கட்டும்.

கிணற்றடிக் கொக்கோவை அவர் வெட்டிச் சாய்த்துப்
பதினாறு நாள்.
"அணில் தின்னத்தானே நிக்குது" என்றார்,
வெட்டிய பிறகு.
வெட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சாய்ந்த மரத்தில் இருபத்தோரு காய்.
உடைத்து வாழையிலையில் பொதிந்து
ஆறு நாள் புளிக்க வைத்தேன்.
பிறகு, மேகம் விட்டுக்கொடுத்த வெயிலில் விரித்தேன்.
கொட்டை காய்ந்ததா, தெரியாது.
வீட்டில் பேச்சு காய்ந்திருந்தது.

தம்பி பெல்வின் கப்பலில் சமையல்காரன்.
போனில் குரல் அனுப்பியிருந்தான்:
"மெக்சிகோக்காரன் ஒருத்தன் காட்டித்தந்தான் அக்கா.
மக்காச்சோள மாவை வறுத்துக் கரைச்சு
கொதிக்கிற சாக்லேட்டுல விடணும்.
அவிய சர்க்கரை நம்ம கருப்பட்டி மாதிரியேதான்.
ஒரு ஆள் ஊத்தணும், ஒரு ஆள் கடையணும்.
கை நின்னா கட்டி பிடிச்சிரும்."
அவனுக்குப் பின்னால் கடலோ எஞ்சினோ
இரைந்துகொண்டிருந்தது.

கொட்டையை வறுத்துத் தோல் ஊதி
அம்மியில் வைத்து இழுத்தேன்.
நெய் விட்டு மினுங்கியது.
விரல் நீளம் கறுவாப்பட்டை,
கருப்பட்டி ஒன்றரைச் சில்லு.
ஊற்றியதும் நான், கடைந்ததும் நான்.
மாவு முடிச்சு முடிச்சாய்த் திரண்டு
சட்டியில் மிதந்தது.

பதினோரு வருடம்
தினம் ஒரு மூடி ஆசிட் விட்டு
ரப்பர் பாலை உறைய வைக்கிறவள்.
உறையாமல் காக்கும் வேலை
இதுவரை என்னிடம் வந்ததில்லை.

அவர் எழுந்து வந்தார்.
குலசேகரம் சந்தையில் வாங்கி
இன்னும் கவர் பிரிக்காத பால் அரிப்பைப் பிரித்து
இரண்டு தடவை கழுவி
வேறொரு சட்டியின் மேல் பிடித்தார்.
நான் ஊற்றினேன்.
அகப்பை முதுகால் அழுத்தினார்.
கரைந்த மட்டும் இறங்கியது,
கரையாததை வாழைமூட்டில் தட்டினோம்.

மறுபடி அடுப்பு.
மிச்சமிருந்த கரைசல் என் கையில்,
மத்து அவர் கையில்.
மழைக்குக் கலங்கி வரும்
கோதையாற்றின் நிறம் ஏறியது.

இரண்டு டம்ளர்.
கஞ்சி என்பதா காப்பி என்பதா,
நாக்குக்கு விளங்கவில்லை.
கருப்பட்டிக்கு அடியில் ஒரு கசப்பு,
அதற்கு மட்டும் எங்கள் கிணற்றடி தெரியும்.

ஊதி ஊதிப் பாதி குடித்துவிட்டு
ஓட்டில் மழை விழுவதைப் பார்த்தபடி,
"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

பதினாறு நாளில் முதல் பேச்சு.
உப்பு நான் போடவே இல்லை.

"ஆமா" என்றேன்.