பாடு

முகத்துவாரம். பாடசாலை மண்டபம், சனிக்கிழமை.
ஆளுக்கு மூன்று நிமிடம், பிறகு மணி.
மணியடிக்கும் பையன் சபைச் சாரதியின் மகன்,
அதைத் தட்ட அவனுக்கு அத்தனை ஆசை.

நான் மொழிபெயர்க்க வந்தவள்.
வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடு,
கடல் எனக்கு யன்னலின் கீழ்ப்பாதி.
நாட்கூலி. மதியச் சோற்றுப் பார்சல் தனி.

சுவரில் வரைபடம்.
நடைபாதை செம்மண் நிறம், வாங்குகள் கறுப்புப் புள்ளி.
இன்னும் நடாத தென்னைகளுக்கு
நிழல்கூட வரைந்திருந்தார்கள்.
அறிவித்தலின் தமிழில் கரை கறையாகியிருந்தது:
கடற்கறை அபிவிருத்தி.
யாரோ பேனையால் திருத்திக்
கீழே கையெழுத்தும் வைத்திருந்தார்.

முதலில் ஹபீலா எழுந்தாள்.
"விளக்கு எப்ப வரும்? அத முதல்ல சொல்லுங்க.
மகள் டியூசன் முடிஞ்சி வார ஒழுங்கைல
என்ட போன் வெளிச்சத்துல தான் நடக்குற."
நடைபாதை வேண்டும் என்றாள்.
கழிப்பறையும் வேண்டும், உள்ளே தாழ்ப்பாளோடு.
சிலர் கைதட்டினார்கள். சிலர் செருப்பைப் பார்த்தார்கள்.

துவான் பஹார்தீன் அடைபட்ட வடிகாலைப் பற்றிப் பேசினார்.
மணி அடித்த பிறகும்
மழைநீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று
கையால் காட்டிக்கொண்டே நின்றார்.
கைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பிறகு எமல்டா. கரைவலைச் சொந்தக்காரி.
வரைபடத்துக்குக் கிட்டப் போய்
ஒரு வெள்ளைத் துண்டில் விரல் வைத்தாள்.
"இதில வெறும் நிலம் எண்டு போட்டிருக்கு.
இது என்ர பாடு.
ஐப்பசியில இருந்து சித்திரை மட்டும்
இருபத்தாறு பேர் நிண்டு இழுக்கிற பாடு.
மடி கரைக்கு வாற இடத்தில உங்கட வாங்கு நிக்குது."

பாடு.
ஒரு மூச்சுத் தயங்கினேன்.
படுவது பாடு என்று தெரியும்.
பாடு ஓர் இடமாகவும் இருக்கும் என்று
நான்காம் மாடிக்கு யாரும் வந்து சொல்லவில்லை.
பையனின் விரல் மணிமேல் இருந்தது.
அடுத்த மொழியிலும் அதே ஓசையில் ஒரு சொல் இருந்தது.
எடுத்து வைத்துவிட்டுக் கடந்துபோனேன்.
அங்கே அதற்கு நட்டம் என்று பொருள்.

பொறியியலாளர் பரிவோடு தலையசைத்தார்.
"எவ்வளவு என்று கேளுங்கள்."
கேட்டேன்.
"நூற்றெழுபது பாகம்" என்றாள்.
மணி அடித்தது. எண்ணின் வால் அதற்குள் போனது.

மூன்று வாரம் கழித்து
தமிழ்ப் பிரதி சரிபார்க்க வந்தது. பக்கம் பதினொன்று:
"குடியிருப்பாளர் ஒருவர், தமக்கு நூற்றேழு பாகம் நட்டம்
ஏற்படுமெனத் தெரிவித்தார். கவனத்தில் எடுக்கப்பட்டது."

நட்டத்தைப் பாகத்தால் அளப்பவர் யார்?
இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பஸ் எடுத்தேன்.

வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஈரக் கையால் தாளை வாங்கினாள், ஓரத்தில் இரண்டு செதில் ஒட்டின.
உரக்க வாசித்தாள், வலைக்காரர் நிமிர்ந்து பார்க்க.
மன்னிப்புக் கேட்க நான் வைத்திருந்த வாக்கியம்
எந்த மொழியிலும் தொடங்கவில்லை.

"நட்டம் எண்டதை விடு" என்றாள்.
"அது கிடக்கட்டும், பிழையில்லை.
அளவுதான் பிழை. நூற்றெழுபது."

ஆட்சேபம் வெள்ளி நாலு மணிவரை.
அன்று வியாழன்.
கம்பாக் கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் தந்து
"இறுக்கிப் பிடி, அசையாதே" என்றாள்.
ஆற்று வாய்ப் பக்கமாக நடந்தாள்,
இரு கையும் விரித்து, கயிற்றைப் பாகம் பாகமாக விட்டு,
சத்தமாக எண்ணிக்கொண்டு.

நாற்பது வரை கேட்டது. அதன்பின் அலை.
கயிறு மட்டும் விட்டு விட்டு இழுத்தது.
நான் நின்ற இடம்
வரைபடத்தில் முதலாவது வாங்கு.