கடந்தாயிற்று

மண்டபம். ஐஸ் ஃபேக்டரிக்கு மேலறை.
மேசை நடுங்கினால் கம்ப்ரசர் ஓடுகிறது என்று பொருள்.
மூவருக்கு நடுவே ஒப்பந்தம் எழுதுகிறேன்:
ரயில், தூக்குப்பாலம், படகு.

ஒருவர் வயிற்றுக்குள் ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது.
ரயிலுக்கு எத்தனை பெட்டி, பாலத்துக்கு வேண்டாத கணக்கு.
படகின் நெற்றியில் அந்தோணியாரா, ஏர்வாடி பாதுஷாவா,
அதுவும் வேண்டாம்.
கேட்குமுன் எது மெய்யாக இருக்க வேண்டும்,
கொடுத்தபின் எது மெய்யாக இருக்கும்,
அவ்வளவுதான் உறவு.

எல்லாவற்றுக்கும் மேலே, மாறவே மாறாத ஒரு வரி:
பாலம் தூக்கியிருக்கையில்
ரயில் அதன்மேல் இருக்கலாகாது.
எழுத ஒரு நிமிடம்.
காக்க நாற்பத்தொரு பக்கம்.

நேற்றிரவு சரிபார்ப்பானை அவிழ்த்துவிட்டேன்.
இருக்கிற வழியெல்லாம் நடந்து பார்க்கும் பிராணி.
தூக்கம் கிடையாது, தாட்சண்யமும்.
விடியற்காலை ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து
காலடியில் போட்டது.

ஏழாம் அடி.
ரயில் பாலத்துக்காக நிற்கிறது.
பாலம் படகுக்காக நிற்கிறது.
படகு நிற்கவில்லை. போய்விட்டது.
போய்விட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

விதி உடையவில்லை. யாரும் சாகவில்லை.
சொன்ன சொல்லைக் காத்தபடி
எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள்,
கரன்ட் இருக்கும்வரை.

பாம்பன் துறைமுக ஆபீஸில் ஃபிளேவியாவுக்கு போன் போட்டேன்.
"கடைசிப் படகு தாண்டிருச்சுன்னு யாருடீ சொல்றது?"
"யாரு சொல்லணும்? முதுகு தெரியுதுல்ல.
கச்சான் காத்து, ஒண்ணும் கேக்கல, வை."

முதுகு.
என் நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு கண்கூட இல்லை.

படகுக்கு ஒரு வாய் வைத்தேன்: கடந்தாயிற்று.
பிராணி உடனே திரும்பி வந்தது.
தூணுக்கு நடுவே என்ஜின் நின்றுபோன படகு,
வாய்மட்டும் முந்திக்கொண்டு
கடந்தாயிற்று என்கிறது.

வாயைப் பிடுங்கிக் கால்வாய்க்குக் கொடுத்தேன்.
வடகடலுக்கும் தென்கடலுக்கும் இடையே கிடக்கும் அந்த இடுக்கை
இதுவரை ஒரு ஆளாகவே நான் எண்ணவில்லை.
காலியா, இல்லையா,
அது சொன்னால்தான் இனி பாலம் இறங்கும்.

அதோடு விட்டிருக்கலாம்.
நியாயம் பார்த்து
கடலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.
கேட்பது: ஒன்றுமில்லை.
தருவதாகச் சொல்வது: ஒன்றுமில்லை.
அந்தப் பக்கத்தில் மட்டும்
பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

மதியம் மறுபடி அவிழ்த்துவிட்டேன்.
இருட்டியும் எதையும் கவ்வி வரவில்லை.
பிழை இல்லையா,
இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா.

மேசை நடுங்குவது நின்றிருக்கிறது.
கீழே யாரோ ஐஸ் உடைக்கிறார்கள்.