சுண்ணாம்புக்கு மேல்

எங்கள் ஊர் சுண்ணாம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
போலந்தின் கிழக்கு ஓரம், ஹெவ்ம்.
மண்வெட்டி இரண்டு முறை இறங்கினால்
மூன்றாம் வெட்டில் வெள்ளை.
முட்டைக்கோஸ் வரும், கேரட் வரும்.
புளூபெர்ரி மட்டும் வைத்த மாதமே மஞ்சளாகும்,
நரம்பு பச்சையாய் இருக்க
இலை வெளுத்துக்கொண்டே போகும்.

"அந்தச் செடிக்கு வாழ்நாள் முழுக்க மசக்கை,
புளிப்புத் தவிர வேறொன்றும் கேட்காது"
என்றாள் அடுத்த தோட்டத்து லுத்மீவா,
என் மண் கரைத்த தண்ணீரில்
லிட்மஸ் தாளை முக்கிக் காட்டி.
கொர்னேலியா சிரிக்கவில்லை.
பழத்தில் வரவேண்டிய நீலம்
தாளில் வந்திருந்தது.

இரண்டு செடி செத்தன, ஒன்று முப்பது ஸ்வோட்டி.

அந்த இலையுதிர்காலத்தில் குளியலறையை இடித்தோம்.
வார்ப்பிரும்புத் தொட்டி, எனாமல் பூசியது.
ஆள் கூடும், பெரியதாகவே இருக்கட்டும் என்று
கல்யாணமான வருடம் வாங்கியது.
கூடவில்லை.
பழைய இரும்பு எடுப்பவன் வாசலில் நின்றான்.
"தோட்டத்துக்கு" என்றாள் கொர்னேலியா.
அவ்வளவுதான் சொன்னாள்.

நாலு பேர் தூக்கி ரூஃபினின் டிரெய்லரில் ஏற்றினோம்.
அடியில் ஓட்டை போடுவதற்குள்
மூன்று துளைமுனை முறிந்தது.
விளிம்பு மட்டும் தெரியப் புதைத்தேன்,
அடைப்பானின் சங்கிலி இன்னும் தொங்க.

பீட் மண் ஆறு மூட்டை, பைன் பட்டை இரண்டு.
பைன் ஊசிகளுக்குக் காட்டுக்குப் போனோம்.
வனக்காவலர் காரை மறித்து
"சாக்கில் என்ன?"
"ஊசி."
நம்பாமல் கையை விட்டார். குத்திற்று.
"காய்த்தால் எனக்கு ஒரு கப்" என்றார்,
குறிப்பேட்டில் எழுதியும் கொண்டார், நிஜமாகவே.

குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு,
கெட்டில் அடியில் பொருக்குக் கட்டும் ஊர் இது.
ஆகவே மழைநீர், பீப்பாயில்.
ஜூலையில் பீப்பாய் வறண்டபோது
பணிமனையில் பழைய பேட்டரி அமிலம் கிடக்கிறதே,
கொண்டுவரட்டுமா என்றான் ரூஃபின்.
வாளிக்கு ஒரு கரண்டி வினிகர் போதுமென்று விரட்டினேன்.

முதல் இரண்டு வருடம் பூவைக் கிள்ளிவிட வேண்டும்,
அப்போதுதான் வேர் ஊன்றும்
என்று நாற்றுக்காரர் சொல்லியிருந்தார்.
மே மாதம். தலைகீழாய் வெள்ளை மணிகள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதாவது ஒரு தேனீ.
கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டு
கொர்னேலியா தக்காளிக்குக் கயிறு கட்டப் போனாள்.
கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.
நான் எண்ணிக்கொண்டே கிள்ளினேன்,
நூற்றுநாற்பதில் எண்ணுவதை விட்டேன்.
தரையில் போட மனம் வராமல்
பேன்ட் பைக்குள் திணித்தேன்.
துவைக்கும்போது பார்த்திருக்கிறாள்,
கேட்கவில்லை.
அடுத்த மே மாதமும் அப்படியே.

மூன்றாம் கோடை.
பச்சை, சிவப்பு, பிறகு ஒரு காலையில் நீலம்.
நீலமானாலும் பறிக்காதே, ஒரு வாரம் பொறு
என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லுத்மீவா.
அந்த ஒரு வாரத்தைக்
கரும்பறவைகள் ஒப்புக்கொள்ளவில்லை.
சமையலறை ஜன்னலின் வலைத்திரையைக் கழற்றி வந்து
தொட்டி மேல் போர்த்தினாள் கொர்னேலியா.
இப்போது எங்கள் சமையலறை
தெருவுக்கே தெரிகிறது.

நேற்று,
ஒரு பழத்தைப் பறித்துச் சட்டையில் துடைக்கப் போனேன்.
கையைப் பிடித்தாள்.
நீலத்தின் மேல் மெல்லிய வெண்பூச்சு,
கரும்பலகையை அழித்தால்
விரலில் ஒட்டுமே, அவ்வளவு.
"பார், எப்படியோ ஏறிவிட்டது நம்மூர்ச் சுண்ணாம்பு."

சுண்ணாம்பில்லை, மெழுகு;
பழம் தானாகப் பூசிக்கொள்வது.
தெரியும். சொல்லவில்லை.

துடைக்காமலே வாயில் போட்டுக்கொண்டு
தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.
புளிப்பா என்றேன்.
சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு
வெகுநேரம் மென்றாள், பிறகு கேட்டாள்:
"அந்தக் காவலருடைய கப்
எவ்வளவு பெரியதாக இருக்கும்?"