மூன்றாம் தடம்

உறையின் பின்பக்கத்துக்கு ஒரு குறிப்பு வேண்டுமாம்.
மூன்றாம் தடத்துக்கு ஏன் 'விரிசல்' என்று பெயர்?
முப்பது சொற்களுக்குள்.

சைமியிடம் கேட்டேன்.
பழைய சின்தசைஸரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு
ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள்.
புகை மட்டும் பதில் சொன்னது.

ஹெல்சிங்கி நிருபர் அதற்குள் எழுதிவிட்டார்,
இது ஒரு விவாகரத்தின் இசை என்று.
பெர்லினில் ஒருவர், எல்லைகள் என்றார்.
உர்போவே தொலைபேசியில் அழைத்தான்:
என்னைப் பற்றியா?
"இது பதினொரு நிமிஷம், உர்போ.
உனக்கு நான் அவ்வளவு கொடுக்கமாட்டேன்."

அன்றிரவு இருபத்துநான்கு பாகை உறைகுளிர்.
வா என்றாள்.
கல்லவெசி ஏரியின்மேல் நடந்தோம்,
துளைப்பான் அவள் தோளில்,
கம்பிச்சுருள் என் கழுத்தில்.
குவோப்பியோவின் விளக்குகள் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தன.
துளையிட்டு, நீரடி மைக்கை இறக்கி,
காதணியை என் தொப்பிக்குள் செருகினாள்.

முதலில் ஒன்றுமில்லை.
என் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான்.
பிறகு
யாரோ அக்கரையில் நின்று
எஃகுக் கம்பியொன்றைச் சுண்டிவிட்டதுபோல,
அது என் காலடியை ஊடுருவி
இக்கரைக்கு ஓடி
மறுபடி அடிக்குரலில் திரும்பியது.
நான் ஓடினேன்.
உண்மையாகவே ஓடினேன்,
கம்பி இழுத்துப் பிடிக்கும்வரை.

அவள் பனியில் உட்கார்ந்து சிரித்தாள்.

"உடைகிற சத்தம் இல்லை, மடையா. தடிக்கிற சத்தம்.
குளிரில் மேல்தோல் சுருங்கும், சுருங்கினால் கிழியும்.
கிழிசலில் நீர் ஏறும். ஏறியது உறையும்.
விடிந்தால் ஏரி ஒரு நூல் கூடியிருக்கும்."

அப்படியானால் உடையும்போது?

துளைப்பானின் திருகில் ஒட்டிய பனியைக் கையுறையால் வழித்தாள்.
வழித்து முடித்துத்தான் சொன்னாள்.

"ஏப்ரலில் அது பேசாது.
சாம்பல் பூக்கும். பாலில் ஊறிய ரொட்டிபோலத் தளரும்.
கரையோரம் கொஞ்சம் வளையல் குலுங்கும், அவ்வளவுதான்.
ஒரு மதியம் பார்த்தால் இருக்காது.
எனக்கும் உர்போவுக்கும்
கடைசி ஆண்டு முழுக்க ஒரு சண்டையும் இல்லை, தெரியுமா?"

பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை
நானும் கேட்கவில்லை.
தெர்மாஸ் காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.
ஏரி இன்னும் இரண்டு முறை சுண்டியது.
இந்தமுறை நான் நின்றேன்.

வீடு திரும்பி
முப்பது சொற்கள் எழுதி அடித்தேன்.
பிறகு பதினேழு. அதையும்.
கடைசியில் அச்சுக்குப் போனது இது மட்டும்:
பிப்ரவரி ஒன்பது. பனியின் தடிமன், நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

இசைத்தட்டு அச்சகத்திலிருந்து மறுநாள் கடிதம் வந்தது:
மூன்றாம் தடம், பத்தாம் நிமிடம்,
ஒன்பது வினாடிகளுக்கு ஒலியே இல்லை.
பதிவுக்கோளாறு என நினைக்கிறோம்.
வெட்டி ஒட்டிவிடலாமா?

வேண்டாம் என்று எழுதினேன்.
அது ஏப்ரல்.